இருபத்து மூன்றாவது படம் விழவில்லை

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது நான் யோசித்துக் கண்டுபிடித்த கதை அல்ல. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பசியாறிவிட்டு, கோல சிலாங்கூர் வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஸ்கேனரை வைத்துக்கொண்டு, அப்பா வைத்துவிட்டுப் போன கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு எழுந்துபோய் முகம் கழுவினேன். இடையில் நடந்ததுதான் கதை.

என் பெயர் மங்கையற்கரசி. முப்பது வருடத்துக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்தவள். அடுத்தவர் கட்டுரையில் சிவப்பு மையால் கோடு போடத் தெரியுமே தவிர, சொந்தமாக நாலு வரி எழுத வராது. இதையே நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். கிழித்த ஆரம்பங்களில் இரண்டை இங்கே ஒட்டி வைக்கிறேன்.

ஆரம்பம் ஒன்று: "1984ஆம் ஆண்டு. புக்கிட் ரோத்தானுக்கு அப்பால் எங்கள் தோட்டத்தில், அதிகாலைப் பனிமூட்டத்தினூடே பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் மணி ஒலிக்க..."

(வேண்டாம். பனிமூட்டத்தில் மணி ஒலித்தால் அடுத்த பத்தியில் எல்லாரும் அழ ஆரம்பித்துவிடுவார்கள். தோட்டம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கொசுக்கடி.)

ஆரம்பம் இரண்டு: "என் அப்பா சபாரத்தினம், தோட்டத்துப் பெரிய கிராணி, அன்று மத்தியானம் நவமணியையும் அவள் கைப்பிள்ளையையும் படம் எடுத்தார்."

(இது நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஒரே குறை, பொய். நான்காம் பகுதியில் சரிசெய்கிறேன். அதற்குள் தைரியம் வந்துவிடும்.)

2

அப்பா யாழ்ப்பாணத்துக் குடும்பம்; அவருடைய அப்பாவும் கிராணிதான், தோட்டத்து ஆபீஸ் எழுத்தர். ஆபீசில் காணாமல் போன குண்டூசிக்கும் விசாரணை வைக்கிற மனிதர். படச்சுருளையா வீணாக்குவார்? ஒரு சுருளில் முப்பத்தாறு படம். முப்பத்தாறும் எடுத்து முடியாமல் கழுவக் கொடுக்க மாட்டார். தீபாவளிக்கு எடுத்ததை நாங்கள் பொங்கலுக்குத்தான் பார்ப்போம். டவுன் கடையிலிருந்து நெகட்டிவ் வந்ததும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஆறு ஆறாக வெட்டி மெல்லிய தாளுறையில் போட்டு வைப்பார். ஒன்றுமே விழாத படத்தைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் குப்பையில் போட்டுவிடுவார். அதனால் சில துண்டுகளில் நான்கு படமே இருக்கும், சிலவற்றில் மூன்று.

[குறிப்பு: அந்தக் கத்தரிக்கோலைக் கொஞ்சம் கவனத்தில் வையுங்கள். பிறகு வேண்டியிருக்கும். நல்ல எழுத்தாளர் இப்படிச் சொல்லிக் காட்டமாட்டார் என்று எனக்கும் தெரியும்.]

இந்த நெகட்டிவ் பெட்டியை நான் திறந்ததற்குக் காரணம் கங்கா. என்னிடம் படித்தவள், இப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை. போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"டீச்சர், எங்க தோட்டத்து ஆளுங்க எல்லாம் ஒண்ணு கூடுறோம். ஐயா எடுத்த படத்தையெல்லாம் ஸ்கேன் பண்ணிக் குடுங்க டீச்சர். பெரிசா டிஜிட்டல் பிரிண்ட் போட்டு கோயில் ஹால்ல மாட்டிருவோம். பிரிண்ட் செலவு கமிட்டி பாத்துக்கும் லா."

சரி என்றேன். அவள் போனை வைக்கவில்லை.

"இன்னொண்ணு டீச்சர். எனக்கு முன்ன ஒரு அண்ணன் இருந்தான்ல, சேது. பத்து மாசத்துல தவறிட்டான். அவன் மூஞ்சியே ஞாபகத்துக்கு வரமாட்டேங்குதுன்னு அம்மா இப்பல்லாம் சொல்லிச் சொல்லி அழுவுறாங்க. அப்பாவும் போய்ச் சேந்துட்டாரு, கேக்கறதுக்கு ஆள் இல்ல. ஐயா படத்துல எங்கயாச்சும், கூட்டத்துல ஒரு ஓரமா இருந்தாக்கூடப் போதும். பாக்குறீங்களா?"

அவள் அம்மாதான் நவமணி.

பார்க்கிறேன் என்று சொன்னேன். பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் நாற்பது வருடமாக நான் நம்பியிருந்தேன்.

3

இங்கே ஒரு சிறு கட்டுரை வருகிறது. கதைக்காக மட்டும் வந்தவர்கள் தாவிப் போகலாம். ஆனால் தாவாதீர்கள், பிறகு வருத்தப்படுவீர்கள்.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெள்ளைச் சட்டை கரியாக இருக்கும். கறுப்புத் தலைமுடி பளிச்சென்று கண்ணாடியாக இருக்கும். அதைச் சட்டத்தில் பொருத்தி ஸ்கேனரில் வைத்தால், விளக்கு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஊர்ந்து போகும். கணினி இருட்டை வெளிச்சமாகவும் வெளிச்சத்தை இருட்டாகவும் மாற்றிப் போடும். உடனே ஒரு மனிதர் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

வண்ணப் படச்சுருளானால் தூசியை ஸ்கேனரே நீக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியை அனுப்பிப் பார்க்கும். சாயம் அதற்கு வழிவிடும், தூசி மறிக்கும். கறுப்பு வெள்ளையில் இந்த வித்தை பலிக்காது. அதில் இருப்பது சாயம் அல்ல, வெள்ளி உலோகத்தின் துகள். அதுவும் அந்த ஒளியை மறிக்கும். எது தூசி, எது முகம் என்று இயந்திரத்துக்குத் தெரியாமல் முகத்தைத் தின்றுவிடும். ஆகவே ஆள்தான் உட்கார்ந்து, படத்தைப் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாகத் துடைக்க வேண்டும். வெள்ளைப் புள்ளி என்றால் தூசி. கறுப்புப் புள்ளி என்றால் சுருளில் விழுந்த ஓட்டை. இரண்டு மூன்று நாளில் கை பழகிவிடும்.

கைதான் பழகும், மனம் பழகவில்லை. 1984இல் ஒருவர் கன்னத்தில் பட்டுத் தெறித்த வெயில் வந்து தொட்ட இடத்தில் அந்தத் துகள் அப்படியே நிற்கிறது. வெயில் போய்விட்டது, கன்னமும் மண்ணுக்குள் போய்விட்டது, துகள் மட்டும் தன் இடத்தை விட்டு அசையவில்லை. முந்நூறு படம் ஏற்றிய பிறகும் ஒவ்வொரு முகம் வரும்போதும் "ஐயோ" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் எடுத்தது ஐந்து படம் உள்ள ஒரு துண்டு. பத்தொன்பதிலிருந்து இருபத்திரண்டு வரை திடலில் பந்து விளையாட்டு. கடைசி, இருபத்து மூன்று. ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். வெறும் கண்ணாடி.

4

தைரியம் வந்துவிட்டதா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

படத்தை எடுத்தது அப்பா அல்ல. நான்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. திடலில் பந்து விளையாட்டு நடந்ததற்கு மறுநாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. அப்பா ஆபீசில், அம்மா கிள்ளானுக்குப் போயிருந்தார். கிராணி வீட்டுப் பின்கட்டில் நவமணி அக்கா வந்து நின்றார். இடுப்பில் சேது. முன்னே, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எத்தனையோ முறை நான் தூக்கி வைத்துக்கொண்ட பிள்ளை.

"பாப்பா, ஐயா இல்லியா?"

"ஆபீஸ்ல இருக்காருக்கா."

"நல்லதாப் போச்சு. ஐயாகிட்ட கேக்க வாய் வராது. நீயே ஒரு படம் புடிச்சுக் குடேன். ஒண்ணே ஒண்ணு."

அக்காவின் அப்பாவும் ஆத்தாவும் தோட்டத்து வேலை முடிந்து கப்பலேறிச் சொந்த ஊருக்கே திரும்பிப் போயிருந்தார்கள். அங்கே அவர் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. பேரன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று கடிதத்துக்கு மேல் கடிதம். ஆனால் அக்காவின் புருஷன் முருகையா ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வயது நிறையாத பிள்ளையைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்பது அவர் பேச்சு. அவர் பேச்சு மட்டுமல்ல, லயம் முழுக்க அதுதான் பேச்சு. ஒரு வயதுக்குக் கீழே எந்தப் பிள்ளையின் படமும் எங்கள் தோட்டத்தில் கிடையாது. பெட்டியில் உள்ள அத்தனை நெகட்டிவையும் பார்த்துவிட்டேன், உண்மைதான். கூட்டத்தில் கைப்பிள்ளை இருந்தால் அம்மாக்கள் முந்தானையைப் போட்டு முகத்தை மூடியிருக்கிறார்கள்.

"அவருக்குத் தெரிஞ்சுதுன்னா என்னை வெட்டியே போடுவாரு. நீ யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது, சரியா?"

அலமாரியிலிருந்து காமிராவை எடுத்தேன். அப்பா எடுப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் தெரியும் என்ற திமிர். முந்தின நாள் கொளுத்துகிற வெயிலில் திடலில் எடுப்பதற்கு அவர் வைத்திருந்த அளவை மாற்றவேண்டும் என்பதுகூடத் தெரியாத திமிர். பின்கட்டில் மழை இருட்டு. அக்கா படியில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் நிறுத்தினார். அவன் நெளிந்தான். விரலைச் சொடுக்கினேன். என்னைப் பார்த்தான். அமுக்கினேன்.

5

(இந்தப் பகுதியைச் சுருக்கமாக எழுதுகிறேன். விரித்து எழுதினால் நன்றாக வரும். நன்றாக வருவது எனக்குப் பிடிக்கவில்லை.)

மூன்று வாரத்தில் சேதுவுக்குக் காய்ச்சல். இரண்டாம் நாள் தோட்டத்து லோரியில் ஏற்றித் தஞ்சோங் காராங் பக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

அன்று மாலை நான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காமிராவைக் கையில் எடுத்துப் பார்த்தார். சுருளில் இன்னும் பதின்மூன்று படம் பாக்கி இருந்தது. மறுநாள் காலையிலேயே சுருளை அப்படியே உருவி எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். தன் வாழ்நாளில் அவர் முடிக்காமல் கழுவக் கொடுத்த சுருள் அது ஒன்றுதான்.

பத்து நாள் கழித்து நவமணி அக்கா வந்தார். வேலைக்காட்டிலிருந்து நேராக, காலில் சேற்றோடு. பிள்ளை போனதிலிருந்து அவர் அழவில்லை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். நான் சமையல்கட்டில், குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"கிராணி ஐயா. பாப்பா ஒரு படம் புடிச்சுது. விழுந்துச்சுங்களா?"

அப்பா எழுந்து வந்தார்.

"விழேல்லைப் பிள்ளை. ஒண்டுமே விழேல்லை. வெளிச்சம் காணாமப் போச்சுது."

"நெசமாங்கய்யா?"

"ஓம், உண்மையாத்தான் சொல்லுறன்."

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அதே படி. அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை.

"படம் விழலேன்னா நான் கொல்லலீங்கய்யா. எம் புள்ளைய நான் கொல்லல."

கதவுக்குப் பின்னால் நானும் அதையே சொல்லிக்கொண்டேன். அமுக்கிய விரல் என்னுடையது.

[குறிப்பு: "நீங்கள் படித்தவர், இதையெல்லாம் நம்புவீர்களா?" என்று கேட்கிறவர்களுக்கு. பகலில் நம்பமாட்டேன். பிள்ளைகளுக்கு அறிவியல்கூடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் என் பேரனை ஒரு வயது வரைக்கும் நான் படம் எடுக்கவில்லை. கைத்தொலைபேசி சரியில்லை என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன்.]

6

மறுபடியும் சாப்பாட்டு மேசைக்கு வாருங்கள்.

வெறும் கண்ணாடி என்று சொன்னேன் அல்லவா? அப்படியே உறைக்குள் போட்டிருக்க வேண்டும். ஆனால் அப்பா அதற்கு அடுத்த இடத்தில் வெட்டியிருந்தார். இருபத்து நான்கிலிருந்து முப்பத்தாறு வரை எடுக்கப்படவே இல்லை, அவற்றை நறுக்கி எறிந்திருக்கிறார். வெறுமையில் இருபத்து நான்குக்கும் இருபத்து மூன்றுக்கும் என் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. அவருடைய கத்தரிக்கோலுக்குத் தெரிந்திருக்கிறது.

ஸ்கேனரில் ஒரே படத்தைப் பல தடவை ஓடவிட்டு, கிடைத்ததையெல்லாம் ஒன்றாகக் கூட்டச் சொல்லலாம். எட்டுத் தடவை ஓடவிட்டேன். விளக்கு எட்டுத் தடவை போய் வந்தது. திரையில் சாம்பல் நிறம், புழுதி பறந்த மாதிரி. வெளிச்சத்தின் அளவை இழுத்தேன். இன்னும் இழுத்தேன். முதலில் ஒரு வெள்ளைத் துணியின் ஓரம் வந்தது. அப்புறம் அக்காவின் கை வளையல். பிறகு அந்தக் கையைப் பிடித்திருக்கிற ஐந்து விரல், ஒவ்வொன்றும் அவரைக்காய்ப் பிஞ்சு அளவுக்கு.

அப்புறம் முகம்.

யாரோ வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி நான் எழுந்து நின்றுவிட்டேன். நாற்பது வருடம் அவன் அந்தத் தாளுறைக்குள் இருந்திருக்கிறான். நாங்கள் வீடு மாறினோம், அவன் கூடவே வந்தான். வெள்ளம் வந்தது, அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்தோம். அப்பா செத்தார், நான் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அத்தனை காலமும் விழித்த கண்ணோடு இருந்திருக்கிறான். அந்த முகம் எப்படி இருந்தது என்று மூன்று வரி எழுதினேன். அடித்துவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். முந்நூறு படம் துடைத்த கை. வெள்ளைப் புள்ளிகளை எடுத்தேன். வலது கன்னத்தில் பெரிய கறுப்புப் புள்ளி ஒன்று, உருண்டையாக. சுருளில் ஓட்டை. அதையும் துடைத்துவிட்டுக் கன்னத்தைச் சமமாக்கினேன். நெற்றியோரம் வந்த பிறகுதான் உறைத்தது.

அது ஓட்டை அல்ல. திருஷ்டிப் பொட்டு.

புருஷனுக்குத் தெரியாமல், ஊர்ப் பேச்சை மீறி, மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க வந்தவள், வருவதற்கு முன்னால் மையைத் தொட்டுக் கன்னத்தில் வைத்து அழைத்து வந்திருக்கிறாள். தன்னால் முடிந்த காவல். அதை நான் தூசியோடு தூசியாகத் துடைத்துப் போட்டேன். பின்னோக்கிப் போகிற பொத்தானை அமுக்கினேன், அமுக்கினேன், பொட்டு திரும்பி வருகிற வரைக்கும் அமுக்கினேன். வந்தது. அதற்குப் பிறகுதான் எழுந்து போய் முகம் கழுவினேன்.

7

ஒரு பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. அப்பாதான்.

அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு வேளை அவருக்கும் ஒன்றும் தெரியாமலே, வெட்டும்போது கை தவறி அந்த ஒன்றை விட்டிருக்கலாமா? அப்படி எழுதினால் கதைக்கு வசதி. ஆனால் குண்டூசிக்கு விசாரணை வைக்கிறவர் கை தவறமாட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து அவர் அந்த ஐந்து விரலையாவது பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் "விழேல்லை" என்றார்.

இன்னொன்று. அவர் மெதுவாகப் பேசுகிற மனிதர். அன்று நான்கடி தள்ளி நின்றவரிடம் வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார். இத்தனை வருடமாக இதை நான் யோசித்துப் பார்க்கவில்லை. குசினிக் கதவுக்குப் பின்னால் யார் நிற்பது என்று அவருக்குத் தெரியும்.

அவர் ஒரு பொய் சொல்லி இரண்டு பேரைக் காப்பாற்றினார். நான் உண்மையைச் சொன்னால் அந்தக் காவலை எடுத்துவிடுகிறேன். சொல்லாவிட்டால், பெற்ற பிள்ளையின் முகம் மறந்துபோய் ஒரு தாய் சாகப்போகிறாள். முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) கணினியில் உள்ள படக் கோப்பை அழித்துவிடுகிறேன். கங்காவிடம் "இல்லம்மா" என்கிறேன். (அழிக்கட்டுமா என்று கணினி கேட்டது. அது கேட்காமல் இருந்திருந்தால் செய்திருப்பேனோ என்னவோ.)

ஆ) கங்காவிடம் கொடுக்கிறேன். மூன்றடி உயரத்துக்குப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டுகிறார்கள். தோட்டமே கூடி நிற்க, நவமணி அக்கா... (இதை எழுதிய கையை வெட்ட வேண்டும்.)

இ) நவமணி அக்கா படத்தைப் பார்த்து, "எனக்கு அன்னிக்கே தெரியும் பாப்பா" என்று புன்னகை... (சினிமா.)

மூன்றும் மேசையில் உட்கார்ந்து எழுதியவை. எழுந்து போனால்தான் நாலாவது கிடைக்கும் என்று தோன்றியது.

8

டவுன் கடையில் ஒரே ஒரு படம், உள்ளங்கை அளவில், பொட்டோடு பிரிண்ட் போட்டு உறையில் வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் புக்கிட் ரோத்தானில் கங்கா வீட்டுக்குப் போனேன். கங்கா வேலைக்குப் போயிருந்தாள். நவமணி அக்கா பின்பக்கம் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வா பாப்பா. என்ன சொல்லாமக் கொள்ளாம?"

எனக்கு ஐம்பத்தாறு வயது, இனிப்பு நீர் மாத்திரை சாப்பிடுகிறேன். அவருக்கு இன்னும் பாப்பாதான். உட்கார்ந்து பேசலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன், நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு அப்பா சொன்னது பொய். படம் விழுந்திருக்கு. சேது மூஞ்சி தெரியுது."

கத்தி நின்றது.

"படத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லக்கா. காய்ச்சல்தான். புடிச்சதும் நான்தானே, நீங்க..."

"பேசாத பாப்பா."

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு போனார்கள். அக்கா மீனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்திலிருந்து எனக்கு எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை முகம் பெரிதாக்கிப் பார்த்தவள், எனக்குத் தெரியவில்லை.

"நல்லாத் தெரியுதா?"

"தெரியுதுக்கா."

"சிரிக்கிறானா?"

உறையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இரு. மீன் கை."

எழுந்து குழாயடிக்குப் போனார். சவர்க்காரம் போட்டுக் கழுவினார். கையை முகர்ந்து பார்த்தார். மறுபடியும் போட்டார். நகக்கண்ணை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். பிறகு முழங்கை வரைக்கும்.

இந்த இடத்தில் நிறுத்துகிறேன். பிறகு நடந்தது எனக்குத் தெரியும், அங்கேதான் இருந்தேன். ஆனால் எழுதமாட்டேன், வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவர் கதறினாரா, உறையைத் தள்ளிவிட்டாரா, மடியில் வைத்துக்கொண்டாரா, உங்களுக்கு எது தாங்குமோ அது. அந்த முகத்தை மட்டும் எழுதாதீர்கள். சிரிக்கிறானா என்று நீங்களும்தான் கேட்கிறீர்கள், எனக்குக் கேட்கிறது. குழாய் நிற்கட்டும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காரட்டும். அவன் முகத்தைப் பார்க்கிற வரிசையில் நாமெல்லாம் அவருக்குப் பின்னால்தான்.